பிளேக் நோயும் மருத்துவர் யஷ்வந்த் பூலேயும்

பொருநை பாயும் நம் பள்ளத்தாக்கில் காலரா என்றாலே நம் பாட்டன்மார் நடுங்குவர். அந்நோய் நீர்வழிப் பரவுவது. ஊர்க்கிணற்றில் வாளி இறக்க உரிமையற்றிருந்த நம் மக்கள், மாடு குளிக்கும் வாய்க்காலில் முகந்த நீரையே குடித்தனர். வாந்திபேதியில் சேரி மாண்டதை ஊரார் விதி என்றனர். விதியன்று, கிணறு மறுக்கப்பட்டதன் விளைவே அது.

கிணற்றையும் மருத்துவத்தையும் நமக்குத் திறந்துவிட்ட ஒரு குடும்பத்தின் வரலாறு நம் இளைஞர்கள் அறியத்தக்கது. புனே நகரில் மகாத்மா சோதிராவ் பூலே, 1868ஆம் ஆண்டில் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டத்தகாதவர் எனப்பட்டோர்க்குத் திறந்துவிட்டார். அவரும் துணைவியார் சாவித்திரிபாயும் 1848இல் பெண்களுக்குப் பள்ளி கண்டது பலரும் அறிந்ததே; அதனை இங்கு விரிக்கவில்லை. பலர் அறியாதவர் அவர்தம் வளர்ப்பு மகன் யஷ்வந்த்.

இவர் ஒரு பிராமண விதவையின் குழந்தை. ஆதரவற்ற விதவையர் அச்சமின்றிப் பிள்ளை பெறுவதற்கெனப் பூலே தம்பதியர் நடத்திய இல்லத்தில் பிறந்தவர். தோட்டத் தொழில் செய்யும் மாலி வகுப்புக் குடும்பத்தில் வளர்ந்து, மருத்துவம் பயின்று, படையிலும் மருத்துவராகப் பணியாற்றினார். சாதிக்கணக்கு எழுதுவோர் இவரை எந்த ஏட்டில் எழுதுவரோ, அறியோம்.

1894இல் ஹாங்காங்கைச் சூறையாடிய பிளேக், 1896இல் பம்பாயை அடைந்து, விரைவில் புனேக்கும் பரவியது. பின்வந்த ஆண்டுகளில் இந்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதற்கு இரையாயினர். ஹாஃப்கின் என்னும் அறிஞர் தாம் கண்ட தடுப்பு மருந்தை 1897 சனவரியில் பம்பாயில் முதன்முதல் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். ஆயினும் மருந்து பிறந்த இடத்திற்கும் ஏழையின் குடிசைக்கும் இடையே தொலைவு மிகுதி. 2021இல் செல்வ நாடுகள் மூன்றாம் முறை கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கியபோது, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் பெரும்பாலோர்க்கு முதல் ஊசியே எட்டவில்லை.

தீண்டாமை வழங்கிய நாட்டில் நோயாளியைத் தொடுவதே பெருஞ்செயல் என்பதை மறத்தலாகாது. 1929இல் கத்தியவாரில், பிள்ளை பெற்று நோயுற்றிருந்த நம் குலப் பெண்ணொருத்தியைத் தொட மறுத்து, வெப்பமானியையும் பிறர் கையில் கொடுத்தனுப்பிய மருத்துவரைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். அதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் முன்னரே, யஷ்வந்த் புனே நகருக்கு வெளியே ஹடப்சர் அருகில் பிளேக் நோயாளிகளுக்கென மருத்துவமனை அமைத்தார். சேரிமக்களும் அங்குத் தடையின்றிச் சேர்க்கப்பட்டனர்.

நோயுற்றோரை அங்குக் கொண்டுவரும் பணியைச் சாவித்திரிபாய் ஏற்றார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. முண்ட்வா என்னும் ஊரின் மகர் சேரியில் ஒரு சிறுவன் பிளேக் கண்டு கிடப்பதாகக் கேள்வியுற்றுச் சென்று, அவனைத் தம் முதுகில் சுமந்தே மகனின் மருத்துவமனைக்குக் கொணர்ந்தார். அந்நோய் அவரையும் பற்றியது. அருகிலிருந்த மகன் மருத்துவரே. ஆயினும் பிளேக்கைத் தீர்க்கவல்ல மருந்து அக்காலத்தில் உலகில் எங்கும் இல்லை. 1897 மார்ச் 10ஆம் நாள் அவ்வம்மையார் மறைந்தார்.

யஷ்வந்த் மீண்டும் படைப் பணிக்குச் சென்றார். சில ஆண்டுகள் கழித்துப் புனேயில் மறுபடியும் பிளேக் தலைகாட்டியபோது திரும்பிவந்து நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தார். அம்முறை அந்நோய் அவரையும் கொண்டுசென்றது.