ஒரு மாநிலத்துக்கு எத்தனை சம்பியன்கள்?

விளையாட்டு வேறு, சமுதாயம் வேறு என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். மைதானத்திலே ஓடுபவனுக்குச் சாதியில்லை, செல்வமில்லை. ஆற்றல் ஒன்றே அளவுகோல் என்பர். இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மையானது என்பதை ஆராய்வதற்கு, ஐக்கிய அமெரிக்காவின் பாடசாலைகளிலே நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு வாதம் நமக்கு நன்கு துணைபுரியும். மாநிலம் முழுவதற்கும் ஒரே போட்டி நடத்தி ஒருவனையே சம்பியனாக்குவதா, அன்றேல் பாடசாலைகளை மாணவர் தொகைக்கேற்பப் பல பிரிவுகளாக வகுத்துப் பிரிவுக்கொரு சம்பியனைத் தெரிவதா என்பதே அவ்வாதம். மல்யுத்தத்தைப் பொறுத்தவரை இன்றுவரை அது ஓயவில்லை.

மல்யுத்தம் தன் இயல்பிலேயே பிரிவினையை ஏற்றுக்கொண்ட விளையாட்டாகும். நூறு இறாத்தல் நிறையுள்ள சிறுவனை இருநூறு இறாத்தல் நிறையுள்ளவனோடு பொருதவிடுதல் போட்டியன்று, கொடுமை. ஆதலின், 106 இறாத்தல் தொடக்கம் 285 இறாத்தல் வரை 14 நிறைப் பிரிவுகள் வகுக்கப்பட்டு மாணவர் பொருதுவது அங்கு பல மாநிலங்களில் வழக்கம். உடல் வேறுபாட்டை ஒப்புக்கொண்டு அதற்கேற்ப நியாயம் செய்வதே இதன் அடிப்படை. இதனால் எவருடைய வெற்றியும் மதிப்பிழப்பதில்லை. இலேசான நிறையில் வென்றவனை அரைச் சம்பியன் என்று எவரும் அழைப்பதுமில்லை.

ஆனால் பாடசாலையின் அளவை வைத்துப் பிரிக்கும்போது மக்களின் நோக்கு மாறிவிடுகின்றது. பென்சில்வேனியா மாநிலத்திலே பாடசாலைகள் இரு பிரிவுகளாகவும், ஒஹாயோ, அயோவா மாநிலங்களிலே மூன்று பிரிவுகளாகவும் வகுக்கப்பட்டுள்ளன. 14 நிறைகள், மூன்று பிரிவுகள் எனக் கொள்ளின், ஒரே ஆண்டில் ஒரே மாநிலத்தில் 42 சம்பியன்கள் தோன்றுவர். இந்தியானாவிலும் கலிபோர்ணியாவிலும் தனிநபர் மல்யுத்தத்துக்குப் பாடசாலைப் பிரிவு கிடையாது. நிறைக்கு ஒருவனே சம்பியன். ஆகவே, மாநில சம்பியன் என்று ஒருவன் தன்னை அறிமுகஞ் செய்யும்போது, எந்த மாநிலத்தில், எந்தப் பிரிவில் என்ற கேள்வி உடனே எழுகின்றது. சிறிய பாடசாலைப் பிரிவிலே வென்றவனின் பதக்கம் சற்று மங்கலாகவே பார்க்கப்படுகின்றது.

இம்மனப்பான்மையின் வேரைக் காண்பதற்கு நாம் இந்தியானா மாநிலத்தின் கூடைப்பந்தாட்ட வரலாற்றை நோக்குதல் வேண்டும். அங்கே 1911ஆம் ஆண்டு தொடங்கிய மாநிலப் போட்டியிலே பெரியது சிறியது என்ற பேதமின்றி எல்லாப் பாடசாலைகளும் ஒரே களத்தில் இறங்கின. 1954ஆம் ஆண்டு, 161 மாணவர்களையே கொண்டிருந்த மிலான் என்னும் கிராமப் பாடசாலை, இறுதி ஆட்டத்திலே மன்சி சென்ட்ரல் என்னும் பெரும் பாடசாலையை 32க்கு 30 என்ற புள்ளிகளால் வென்றது. கடைசி விநாடிகளில் பொபி பிளம்ப் என்ற மாணவன் எறிந்த பந்து வளையத்துள் வீழ்ந்த கதையை அம்மாநில மக்கள் இன்றும் சொல்லி மகிழ்கின்றனர். அக்கதையைத் தழுவி 1986இல் ஒரு திரைப்படமும் வெளிவந்தது. எளியோன் வலியோனை வெல்லும் வாய்ப்பு ஒரே களத்தில்தான் உண்டு என்ற நம்பிக்கைக்கு மிலான் ஒரு சின்னமாயிற்று.

ஆனால் அதே ஆண்டின் வேறொரு செய்தியை அந்நம்பிக்கை மறைத்துவிடுகின்றது. இறுதிக் கட்டத்துக்குச் செல்லும் வழியிலே மிலான் வென்ற அணிகளுள் ஒன்று, இந்தியானாபொலிஸ் நகரின் கிறிஸ்பஸ் அற்றக்ஸ் பாடசாலை. நிறவெறி மேலோங்கியிருந்த காலத்தில், கறுப்பின மாணவரை ஏனையோரிடமிருந்து ஒதுக்கி வைப்பதற்கென்றே 1927இல் திறக்கப்பட்ட பாடசாலை அது. எல்லோருக்கும் பொதுவானது என்று போற்றப்பட்ட மாநிலப் போட்டியிலே, 1942 வரை அற்றக்ஸ் போன்ற கறுப்பினப் பாடசாலைகளுக்கு இடமே இருக்கவில்லை. கத்தோலிக்கப் பாடசாலைகளும் அவ்வாறே புறத்தே நின்றன. ஒரே பிரிவு என்று பெருமைப்பட்ட அந்த முப்பது ஆண்டுகளில் உண்மையில் இரண்டு பிரிவுகள் இருந்தன: உள்ளே இருந்தோர் ஒரு பிரிவு, வாயிலில் நிறுத்தப்பட்டோர் மற்றொரு பிரிவு.

1955இல் ஒஸ்கார் ரொபேட்சன் முதலியோரைக் கொண்ட அற்றக்ஸ் அணி மாநிலப் பட்டத்தை வென்றது. எல்லாருக்கும் திறந்த மாநிலப் போட்டியொன்றில் கறுப்பினப் பாடசாலையொன்று பட்டம் பெற்றது அந்நாட்டில் அதுவே முதற்றடவை. இந்தியானாபொலிஸ் நகருக்கும் அதுவே முதற்பட்டம். எனினும் வெற்றி ஊர்வலம் நகர மையத்திலே நின்று கொண்டாட விடப்படவில்லை. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியின் பூங்காவொன்றுக்குத் திருப்பிவிடப்பட்டது. அடுத்த ஆண்டும் அப்பாடசாலை ஓர் ஆட்டத்திலேனும் தோல்வியடையாது பட்டத்தை வென்றது. களம் ஒன்றாயிருப்பதனால் மட்டும் சமுதாயம் ஒன்றாகிவிடாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பின்னர் நடந்தவற்றையும் நோக்குவோம். 1959இல் இந்தியானாவில் இயற்றப்பட்ட பாடசாலை மறுசீரமைப்புச் சட்டத்தின் பின்னர் கிராமப் பாடசாலைகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. 1954ஆம் ஆண்டுப் போட்டியிலே 751 பாடசாலைகள் பங்குபற்றின. 1997இல் அத்தொகை 382 ஆகக் குறைந்துவிட்டது. மிலான் போன்றவை அருகின. நகர்ப்புறத்துப் பெரும் பாடசாலைகள் மேலும் பெருத்தன. சிறிய பாடசாலை வெல்லக்கூடும் என்ற கதை நிலைத்தது. வெல்லும் நிலைமைகளோ மறைந்தன. 1998 தொடக்கம் கூடைப்பந்தாட்டம் நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டது. பழைய மகிமை அழிந்ததென்று பலர் புலம்பினர். பார்வையாளர் குறைந்ததற்கும் இதனையே காரணங் காட்டினர். ஆனால் பார்வையாளர் தொகை அதற்கு முன்னரே வீழத் தொடங்கியிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஊரின் பாடசாலை மூடப்பட்டபின் ஊரவர் யாருக்காகக் கரகோஷம் செய்ய வருவர்?

கூடைப்பந்தாட்டம் பிரிந்த அம்மாநிலத்திலேயே தனிநபர் மல்யுத்தம் பிரியவில்லை. மல்யுத்தத்தில் மோதுவது பாடசாலையன்று, மனிதன். நிறையால் ஒத்தவனோடே அவன் மோதுகின்றான். அவனது பாடசாலையில் முந்நூறு பேர் படித்தாலென்ன, மூவாயிரம் பேர் படித்தாலென்ன என்பது அங்குள்ளோர் காட்டும் நியாயம். கேட்பதற்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் மல்லன் ஒருவன் உருவாகும் முறையைச் சிந்தித்தால் இதன் குறை தெளிவாகும். மல்யுத்தம் தனியே பயிலும் கலையன்று. நாள்தோறும் தன் நிறையை ஒத்த, தன்னிலும் வல்ல துணைவனோடு பொருதியே ஒருவன் தேறுகின்றான். பெரும் பாடசாலையில் ஒரே நிறைக்கு நால்வர் இருப்பர். சிறிய பாடசாலையிலோ பதினான்கு நிறைகளுக்கும் ஆள் சேர்ப்பதே அரிது. ஒருவன் தன்னிலும் முப்பது இறாத்தல் கூடியவனோடோ குறைந்தவனோடோ பயிலவேண்டி நேரும். உடலின் நிறையை அளக்கத் தராசு உண்டு. பயிற்சியின் நிறையை அளக்கத் தராசு எங்கே?

ஆயின் சிறு பிரிவிலே வென்றவன் தாழ்ந்தவனா? யூட்டா மாநிலத்திலே பாடசாலைகள் அளவுப்படி பிரிக்கப்படுகின்றன. அங்குள்ள ஹீபர் என்னும் சிறு நகரிலே பயின்று நான்கு முறை மாநிலப் பட்டம் பெற்றவர் கேல் சாண்டர்சன். பல்கலைக்கழகத்திலே 159 போட்டிகளில் ஒன்றிலேனும் தோற்காது நின்று, 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலே தங்கம் வென்றார். மறுபுறத்தே, தனிநபர் பட்டத்தைப் பிரிக்காத நியூஜேர்சி மாநிலத்திலே 2006இல் பட்டம் பெற்ற ஜோர்டன் பரோஸ் 2012இல் இலண்டனிலே தங்கம் வென்றார். ஆகவே, பட்டத்தின் பெயரைக் கொண்டு மனிதனின் தரத்தை அளத்தல் பேதைமை என்பது போதரும். நியூஜேர்சி ஒரு நடுவழியையும் காட்டுகின்றது: அணிகளுக்கான பட்டத்தை அங்கே பாடசாலை அளவுப்படி பிரிக்கின்றனர், தனிநபர் பட்டத்தை ஒன்றாகவே வைத்திருக்கின்றனர்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. பாடசாலைப் பிரிவையும் சமூக வர்க்கத்தையும் ஆங்கிலத்திலே ஒரே சொல்லாற் குறிப்பர். ஆனால் மாணவர் தொகை வர்க்கத்தைக் காட்டுவதில்லை. முந்நூறு மாணவரைக் கொண்ட ஏழைக் கிராமப் பாடசாலையும், முந்நூறு செல்வர் பிள்ளைகளைக் கொண்ட தனியார் கல்லூரியும் ஏட்டிலே ஒரே பிரிவு. முன்னையது தன் ஊர்ப் பிள்ளைகளையே நம்பி நிற்க, பின்னையது எவ்வூரிலிருந்தும் மாணவரைச் சேர்க்கலாம். இவ்வேறுபாட்டை உணர்ந்த இலினோய் மாநிலம், இத்தகைய பாடசாலைகளின் மாணவர் தொகையை 1.65 ஆற் பெருக்கிக் கணக்கிடும் விதியை 2005இல் கொணர்ந்தது. தொகை ஒன்றே நீதியன்று என்பதை விதி வகுப்போரே ஒப்புக்கொண்டமைக்கு இது சான்று.

பிரிவினை எப்பொழுதும் தீங்கானதா என்ற வினாவுக்குப் பெண்கள் மல்யுத்தம் தக்க விடை தருகின்றது. நெடுங்காலம் சிறுமியர் சிறுவரோடு பொருதவேண்டும், இன்றேல் ஒதுங்கவேண்டும் என்ற நிலையே இருந்தது. 1998இல் ஹவாய் மாநிலமே முதன்முதலாகப் பெண்களுக்கெனத் தனி மாநிலப் போட்டியை அங்கீகரித்தது. அயோவாவிலே 2011இல் இரு மாணவியர் முதன்முறையாக மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்றனர். பெண்ணோடு பொருதல் தன் சமய நம்பிக்கைக்கு ஒவ்வாதென்று கூறி ஒரு மாணவன் விலக, அவர்களுள் ஒருத்திக்குப் போட்டியின்றியே வெற்றி கிடைத்தது. பொருதாது பெற்ற வெற்றியை வெற்றி என்பதெப்படி? அம்மாநிலத்திலே அங்கீகாரம் பெற்ற முதலாவது பெண்கள் போட்டி 2023இல் நடைபெற்றது. ஈண்டுப் பிரித்தல் என்பது ஒதுக்குதல் ஆகவில்லை. கதவைத் திறத்தல் ஆயிற்று.

அற்றக்ஸ் பாடசாலையைப் பிரித்ததும் பிரிவினைதான். மாணவியருக்குக் களம் அமைத்ததும் பிரிவினைதான். எனவே, ஒரு பிரிவா, பல பிரிவுகளா என்று மட்டும் கேட்பது போதாது. யார் பிரிக்கிறார், யாருடைய நன்மைக்காகப் பிரிக்கிறார், பிரிக்கப்பட்டோர் அதனால் வலிமை பெறுகின்றனரா என்றே நாம் வினாவுதல் வேண்டும். ஒரே களத்தைப் போற்றுவோர், அக்களத்துக்கு வரும் பாதைகள் சமமானவையா என்று பார்ப்பதில்லை. பல பட்டங்களை வழங்குவோர், பட்டம் பகிரப்பட்டதும் நீதி நிறைவேறிவிட்டதென எண்ணிவிடுகின்றனர். இரு சாராரும் பயிற்சிக்கூடத்தை மறந்து பதக்கத்தையே பார்க்கின்றனர்.

பரீட்சைப் பெறுபேறுகளை வைத்து மாணவரையும் பாடசாலைகளையும் தரம்பிரித்துப் பழகிவிட்ட ஆசிரியர்களாகிய நமக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. முதலிடம் பெற்றவனைப் பாராட்டும் வேளையில், அவனோடு பயில யார் இருந்தனர், அவனுக்கு எதிரே நிற்கவேண்டியோருள் யார் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். அக்கேள்வியைக் கேளாத சமுதாயத்திலே சம்பியன் ஒருவனாயினும் நாற்பத்திருவராயினும் நியாயம் ஒன்றுதான்: அது முன்னரே வென்றவர்களின் நியாயம்.