ஓடிய பின் உடல்: புதுக்கோட்டை ஓட்டக்களத்திலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

2006ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரை இரண்டாவதாக ஓடி முடித்த சாந்தி சௌந்தரராஜன், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகளாகப் பிறந்தவர். (பாலினச் சோதனையைக் காட்டி அவருடைய பதக்கத்தைப் பறித்தது அநீதி, அது தனியே எழுதப்பட வேண்டியது.) 2016இல் குவாஹாட்டி தெற்காசிய விளையாட்டில் 10,000 மீட்டர் தங்கம் வென்ற சூர்யாவும் இம்மாவட்டத்தவரே. கூலி வேலைக் குடும்பத்துப் பிள்ளை ஓடி முடித்ததும் அதன் உடல் எதைக் கொண்டு தேறுகிறது? உடற்பயிற்சி அறிவியலின் நூறாண்டு வரலாற்றை இந்தக் கேள்வியோடு படித்தால், விடை மேலும் மேலும் சாப்பாட்டுத் தட்டை நோக்கியே நகர்ந்திருப்பது தெரிகிறது.

பழைய விடை எண்ணெயும் கைப்பக்குவமும். சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகளுள் ஒன்றான தொக்கணம், தட்டல், பிடித்தல், முறுக்கல், இழுத்தல் என ஒன்பது வகைப்படும். பிடித்துவிட்டால் வலி தணியும் என்பதை இன்றைய ஆய்வுகளும் ஓரளவு ஏற்கின்றன. ஆனால் தீர்ந்துபோன எரிபொருளைப் பிடித்துவிடுதல் திருப்பித் தராது.

மேலை அறிவியல் நெடுங்காலம் திசைமாறி நின்றது. மறுநாள் வரும் தசைவலிக்குத் தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசலே காரணம் என்று 1902இலேயே தியோடர் ஹஃப் எழுதினார். ஆனாலும் லாக்டிக் அமிலத்தின் மீதே பழி விழுந்தது. ஓட்டம் நின்று ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில், இரத்தத்தில் அந்த அமிலத்தின் வடிவமான லாக்டேட் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. வலியோ ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள்தான் உச்சமடைகிறது. லாக்டேட் கழிவல்ல, உடல் எரித்துப் பயன்படுத்தும் பொருள் என்று 1980களில் ஜார்ஜ் புரூக்ஸ் நிறுவினார்.

உண்மையான திருப்பம் 1966இல் ஸ்வீடனில் நிகழ்ந்தது. யோனஸ் பெரிஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரு மருத்துவர்கள் தங்களையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டனர். ஒரே மிதிவண்டியின் இரு பக்கமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்து ஓயும்வரை மிதித்தார்கள். பின்னர் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டபடி, மூன்று நாள் இரு தொடைகளிலும் ஊசியால் தசைத்துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். உழைத்த காலில், தசையின் எரிபொருளான கிளைக்கோஜனின் சேமிப்பு, ஓய்ந்திருந்த காலைப்போல் இரு மடங்கு ஏறியிருந்தது. இரு கால்களுக்கும் உணவு ஒன்று, இரத்தம் ஒன்று. உழைத்த தசைதான் கூடுதலாக இழுத்துக்கொண்டது. சோறு இல்லாவிட்டால் இழுத்துக்கொள்ள ஏதுமில்லை என்பதும் இதன் பொருளே.

நீரிழப்புக்கான விடை நம் பக்கத்திலேயே கிடைத்தது. 1971இல் வங்கதேச அகதிகளிடையே பரவிய காலராவை, உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழி கொடுத்து திலீப் மகலனாபிஸ் எதிர்கொண்டார். குடலில் குளுக்கோஸ் சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போக, நீர் பின்தொடர்கிறது. உப்பிட்ட கஞ்சி வியர்வைக்கு உகந்ததாக இருப்பதற்கும் இந்த வழியே துணை. புதுக்கோட்டை வெயிலில் ஓடுபவருக்கு இது சிறிய செய்தியல்ல.

அடிபட்ட இடத்தில் வைக்கும் பனிக்கட்டியின் புகழோ தேய்ந்துவிட்டது. 1978இல் அதைப் பரிந்துரைத்த மருத்துவர் கேப் மிர்கினே 2014இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

ஆகவே இம்மாவட்டத்தின் விளையாட்டு வரலாற்றில் சத்துணவுக்கூடத்தையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் வாதம். சாந்தி பிறந்த மறு ஆண்டான 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989இல் அதில் முட்டை சேர்ந்தது. 2022இல் தொடக்கப்பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. ஆனால் தசை சோற்றையும் புரதத்தையும் மிகுதியாக ஏற்கும் நேரம், பயிற்சி முடிந்த மாலை. பதினைந்து வயது ஓட்டக்காரி மைதானத்திலிருந்து திரும்பும் அந்த வேளை இவ்விரு திட்டங்களிலும் இல்லை.