சிறு விமானமும் ஏரியற் கம்பியும்



வால்வு வானொலிப் பெட்டிகள் நம் இல்லங்களில் ஆட்சி செலுத்திய காலத்தை உங்களிற் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பெட்டியை விலைக்கு வாங்கியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. முற்றத்துத் தென்னைக்கும் கோடிப்புறத்து மாமரத்துக்கும் இடையே செம்புக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்ட வேண்டும். அக்கம்பி தகரக் கூரையை அண்டினால் ஒலி மங்கும். பக்கத்து வளவில் நீரிறைக்கும் மோட்டார் ஓடினாற் கரகரக்கும். கம்பி அறுந்துவிட்டாலோ எத்துணை விலையுயர்ந்த பெட்டியும் ஊமையாகிவிடும். பெட்டியின் பெருமையைப் பேசுவோர் கம்பியைப் பற்றிப் பேசுவதில்லை.

இத்தகைய வீடொன்றை முழுவதும் உலோகத்தாற் செய்து, மணிக்கு நூற்றைம்பது மைல் வேகத்தில் ஆகாயத்திற் பறக்கவிட்டால் எப்படியிருக்கும்? சிறு விமானத்தில் வானொலியை அமைக்க முற்பட்டோர் எதிர்கொண்ட இடர் ஏறத்தாழ அத்தகையதே. வானொலி அலை ஒன்றை நன்கு அனுப்பவும் வாங்கவும் வேண்டுமாயின், கம்பியின் நீளம் அவ்வலையின் நீளத்தில் காற்பங்களவேனும் இருத்தல் நலம் என்பது பொதுவிதி. 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விமானங்கள் இரவிற் பயன்படுத்திய அலையின் நீளம் ஏறக்குறைய 97 மீற்றர். அதன் காற்பங்கு 24 மீற்றருக்குச் சற்று அதிகம். அன்றைய சிறு விமானங்களோ அந்நீளத்தில் அரைவாசிக்கு மேற் போவதில்லை. தென்னையும் மாமரமும் இல்லாத வானத்திற் கம்பியை எங்கே கட்டுவது? இறக்கையும் வாலும் சக்கரங்களும் அலையை மறைக்கின்றன. இயந்திரத்தின் தீப்பொறிச் செருகி ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம் போல் இரைச்சலை எழுப்புகின்றது. அதனை அடக்க, மின்கம்பிகளுக்கு உலோகப் பின்னலாற் சட்டை போர்த்த வேண்டியிருந்தது. பெரிய விமானத்தில் இவற்றுக்கெல்லாம் இடமும் உண்டு. வானொலிக்கென்றே தனி ஊழியரும் உண்டு. சிறு விமானத்தில் இவ்விரண்டும் இல்லை.

விமானத்திலிருந்து முதன்முதலாகத் தரைக்குச் செய்தி அனுப்பியவர் மக்கேர்டி என்னும் கனடிய வானோடி. 1910ஆம் ஆண்டு ஓகஸ்ற் 27ஆந் திகதி நியூயோர்க் நகரிலுள்ள ஷீப்ஸ்ஹெட் பே என்னுமிடத்தில் இது நிகழ்ந்தது. விமானத்தின் பின்னே கம்பியைத் தொங்கவிட்டு இழுத்துச் செல்லும் வழக்கம் அதன்பின் வேரூன்றியது. முதலாம் உலகப் போரில், பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறதென்று பார்த்துச் சொல்லும் விமானங்கள் நூறடிக்கு மேற்பட்ட செம்புக் கம்பியை, நுனியில் ஈயக் குண்டு கட்டி, உருளையிலிருந்து அவிழ்த்துவிட்டுப் பறந்தன. இறங்குமுன் அதனைச் சுற்றியெடுக்க மறந்த விமானியின் கம்பி மரத்திலோ வேலியிலோ சிக்கி அறுந்துபோகும். இத்தொல்லையும் பாரமும் வேண்டாமென்று வானொலியையே துறந்தவர் உண்டு. 1927இல் அத்திலாந்திக்கைத் தனியே கடந்த லிண்ட்பேர்க்கின் விமானத்தில் வானொலி கிடையாது. அப்பாரத்துக்குப் பதிலாகப் பெற்றோலைக் கொண்டுபோகலாம் என்பது அவர் கணக்கு. அக்கணக்கு அவருக்குப் பலித்தது. காரணம், அவர் தேடிச் சென்றது ஒரு கண்டம். கண்டத்தைத் தவறவிடுதல் அரிது.

பத்தாண்டுகளின் பின் அமீலியா ஏயர்ஹாட் அம்மையார் தேடிச் சென்றது ஒன்றரை மைல் நீளமும் அரை மைல் அகலமுமே கொண்ட ஹௌலண்ட் என்னும் மணற்றீவு. பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, கடல் மட்டத்துக்கு மேல் இருபதடியளவே உயர்ந்து கிடப்பது அது. அம்மையார் மறைந்த கதையை அறியாதார் இலர். ஆயின் அக்கதையில் ஏரியற் கம்பி வகித்த பங்கை அறிந்தார் சிலரே. அதனை விரித்துரைத்தலே இன்றைய பேச்சின் நோக்கம்.

அம்மையாரின் விமானம் லொக்ஹீட் எலெக்ட்ரா என்னும் இரட்டை இயந்திர உலோக விமானம். நீளம் 39 அடிக்குச் சற்றுக் குறைவு. அதில் 50 உவாற்று வலுவுள்ள அனுப்புங் கருவியும் நல்லதொரு வாங்குங் கருவியும் இருந்தன. விமானத்தின் முதுகில், ஆங்கில 'வீ' எழுத்தின் வடிவில் ஒரு கம்பி. வயிற்றின் அடியில், குட்டைக் கம்பங்களில் இழுத்துக் கட்டிய மற்றொரு கம்பி. விமானி அமரும் அறையின் மேலே, திசையறிவதற்கான வளையம். இவற்றோடு, வேண்டும்போது அவிழ்த்துவிடுதற்கென 250 அடி நீள இழுவைக் கம்பி. அதாவது முதலில் அவர் குறைவின்றியே புறப்பட்டார்.

1937 மார்ச்சில் மேற்குத் திசையாக உலகைச் சுற்றப் புறப்பட்ட முதல் முயற்சி, ஹொனலூலுவில் விமானம் தரையில் ஓடும்போதே விபத்துற்றதால் முறிந்தது. அப்போது உடன் சென்ற ஹரி மன்னிங் என்னும் கப்பற் தலைவர் மோர்ஸ் தந்தி முறையில் வல்லவர். விபத்தின் பின் அவர் விலகினார். எஞ்சியவர் பிரெட் நூனன் ஒருவரே. விண்மீன்களைக் கொண்டு வழி காண்பதில் நூனன் தேர்ந்தவர். ஆனால் அவருக்கும் சரி, அம்மையாருக்கும் சரி, மோர்ஸ் முறையிற் போதிய பயிற்சி இல்லை. யூன் முதலாந் திகதி மயாமியிலிருந்து, இம்முறை கிழக்குத் திசையாக, எலெக்ட்ரா புறப்பட்டபோது அதில் இழுவைக் கம்பி இருக்கவில்லை. முதுகுக் கம்பியைச் சற்று நீட்டிக் கட்டி ஈடுசெய்ய முயன்றிருந்தனர்.

இழுவைக் கம்பி போனதோடு போனது யாது? கப்பல்கள் ஆபத்துக் காலத்திற் பயன்படுத்திய 500 கிலோசைக்கிள் மீடிறன். (இன்று நாம் கிலோஹேட்ஸ் என்போம்.) அதன் அலைநீளம் 600 மீற்றர், காற்பங்கு 150 மீற்றர். 250 அடிக் கம்பியே அதற்குப் போதாது. எனினும் சுருள் சேர்த்து ஒருவாறு சமாளிக்கலாம். முதுகுக் கம்பியினாலோ அந்த 50 உவாற்றில் மிகச் சிறிய பங்கையே வெளியே அனுப்ப முடியும். கப்பல்களில் அந்நாளில் இருந்த திசையறி கருவிகள் பெரும்பாலும் இம்மீடிறனுக்கு அண்மையில் இயங்குவன. ஆகவே ஒரு கப்பல் அம்மையாரின் திசையைக் கண்டு சொல்லக்கூடிய நேர்வழி மயாமியிலேயே அடைபட்டுவிட்டது.

ஆபிரிக்காவைக் கடந்து, நம் அயலிலுள்ள கராச்சி, கல்கத்தா, றங்கூன் வழியாக விமானம் அவுஸ்திரேலியாவின் டார்வினை அடைந்தது. அங்கே திசையறி கருவி இயங்காதிருத்தல் கண்டு ஆராய்ந்தபோது, உருகி எரிந்திருக்கக் கண்டு மாற்றினர். அடுத்து நியூகினியிலுள்ள லே. யூலை முதலாந் திகதி அங்கே பறந்து சோதித்தபோது, வளையத்தைத் திருப்பியும் நிலையத்தின் திசையை அவராற் காண முடியவில்லை. நிலையத்துக்கு மிக அருகில் இருப்பதே காரணம் என அவர் எண்ணினார். அந்த எண்ணத்தோடு அடுத்த நாட் காலை பத்து மணிக்கு, 2,556 மைல் தூரத்துக்கு அப்பாலுள்ள தீவை நோக்கிப் புறப்பட்டார்.

எரிபொருள் நிரம்பிப் பாரத்தால் அமிழ்ந்த எலெக்ட்ரா, 3,000 அடி நீளமான புல்வெளி ஓடுதளத்தில் தள்ளாடி எழும் காட்சி படச்சுருளிற் பதிவாகியுள்ளது. அப்படத்தைப் பிற்காலத்தில் நுணுகி ஆராய்ந்தோர் சிலர், ஓடத் தொடங்கு முன் வயிற்றடியிற் காணப்பட்ட கம்பி, மேலெழும்போது காணப்படவில்லை என்கின்றனர். வால் தாழ்ந்து திரும்பியபோது கம்பம் தரையில் இடறிக் கம்பி அறுந்தது என்பது அவர்கள் கொள்கை. அக்கம்பி வாங்குங் கருவிக்குரியதா, அன்றி முதுகுக் கம்பியே அனுப்பவும் வாங்கவும் பொதுவாய் இருந்ததா என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் வழக்குண்டு. எதுவாயினும், பிற்பகலில் அவர் நிலையைத் திரும்பச் சொல்லுமாறு லே நிலையம் வேண்டியும் அது கிட்டவில்லை. அவர் பேசினார், கேட்டார் என்பதற்குச் சான்றில்லை.

ஹௌலண்ட் தீவின் அருகே அமெரிக்கக் கரையோரக் காவற் கப்பலான இற்றாஸ்கா காத்துநின்றது. இரவு முழுவதும் அது அவரை அழைத்தது. அதிகாலை இரண்டே முக்கால் மணிக்கு அவர் குரல் மெல்லக் கேட்டது. ஆறேகால் மணியளவில், தாம் இருநூறு மைல் தொலைவில் இருப்பதாகவும், 3105 கிலோசைக்கிளிற் தம் திசையை அளந்து சொல்லுமாறும், அதற்காக ஒலிவாங்கியிற் சீட்டி அடிப்பதாகவும் அறிவித்தார். கப்பலின் திசையறி கருவியோ அந்த மீடிறனை எட்டாது. அதற்கெனத் தீவிற் கொண்டு வைத்த சிறு கருவியின் பற்றரி இரவிலேயே தளர்ந்திருந்தது. அவர் பேசிய கணப்பொழுதும் அளப்பதற்குப் போதவில்லை. 7.42க்கு அவர் குரல் உரத்துக் கேட்டது. தீவின் மேலேயே இருக்க வேண்டும், ஆனாற் காணவில்லை, எரிபொருள் குறைகின்றது, வானொலியில் உங்களை எட்ட முடியவில்லை என்பது அதன் பொருள். கப்பலில் நின்றோர் மேற்றளத்துக்கு ஓடி வானத்தைப் பார்த்தனராம். அத்துணை அருகில் ஒலித்தது அக்குரல்.

இனி வருவதே இவ்வரலாற்றின் திறவுகோல் என்பது என் துணிபு. 7500 கிலோசைக்கிளிற் சைகை அனுப்புமாறு அம்மையார் கேட்டார். கப்பல் அனுப்பியது. எட்டு மணியளவில் அவர் மறுமொழி வந்தது: சைகை கேட்கின்றது, ஆயின் திசை காண முடியவில்லை. அந்த இரவும் காலையும் இற்றாஸ்கா அனுப்பிய அத்தனையிலும் அவர் கேட்டதாக ஒப்புக்கொண்டது இவ்வொன்றே. ஏன் இதனை மட்டும் கேட்டார்? திசை காண முயன்றபோது அவர் பயன்படுத்தியது தலைக்கு மேலிருந்த வளையத்தை. ஆகவே வாங்குங் கருவி பழுதாகவில்லை. அவர் செவியும் பழுதாகவில்லை. மற்றைக் கம்பியிலோ, கம்பியைக் கருவியோடு பிணைத்த வழியிலோதான் ஊறு இருந்திருத்தல் வேண்டும். கேட்ட சைகையின் திசை தெரியாமைக்கும் காரணம் உண்டு. சைகை வரும் திசையை நோக்கி வளையத்தின் முகம் திரும்பியதும் ஒலி அடங்க வேண்டும். அவ்வடக்கமே திசையைக் காட்டும். 40 மீற்றர் அலையின் காற்பங்கு 10 மீற்றர். எலெக்ட்ராவின் உடலளவும் ஏறத்தாழ அதுவே. விமானத்தின் உலோக உடல் தானே அவ்வலையை வாங்கி மீண்டும் வீசுவதால், எத்திசைக்குத் திருப்பினும் ஒலி அடங்குவதில்லை. வளையம் நீண்ட அலைகளுக்கென வகுக்கப்பட்டது.

8.43க்கு, 157–337 என்னும் கோட்டில் வடக்கும் தெற்குமாகப் பறப்பதாகச் சொன்னார். அதன்பின் இற்றாஸ்காவுக்கு அவர் குரல் கேட்கவில்லை. கொலராடோ போர்க்கப்பலும் லெக்சிங்ரன் விமானந்தாங்கியும் சேர்ந்து சுமார் 2,50,000 சதுர மைல் கடற்பரப்பைத் துருவியும் பலன் கிட்டவில்லை.

யப்பானியர் சிறைப்பிடித்தனர் என்பாரும், வேறு தீவிற் கரையேறி மாண்டனர் என்பாரும் இன்றளவும் நூல் எழுதுகின்றனர். அவை விறுவிறுப்பானவை, நானும் படித்திருக்கிறேன். எனினும் அறியா வானொலியை அலட்சியம் செய்த பெண் என்று பழி முழுவதையும் அம்மையார்மீது சுமத்துவது நீதியன்று. கருவி பழுதென்றால் உருகியை மாற்றத் தெரிந்தவர் வழிநெடுக இருந்தனர். கம்பி எங்கே இருக்கிறது, எந்த அலைக்கு எந்தக் கம்பி, மறுமுனையில் இருப்பவரின் கருவி எதனை எட்டும் என்று ஒருசேர வைத்துப் பார்க்க ஒருவருமில்லை. கப்பலிலும் இல்லை.

இரண்டாம் உலகப் போரின் பின் நிலைமை மாறியது. 118 மெகாசைக்கிளும் அதற்கு மேலும் உள்ள மிகக் குறுகிய அலைகளுக்கு விமானங்கள் மாறியதால், கம்பி இரண்டடி நீளக் கோலாகச் சுருங்கியது. அதனைக் கட்ட இடமில்லை என்ற குறை தீர்ந்தது. எங்கே கட்டுவது என்ற வினா மட்டும் தீரவில்லை. வயிற்றடியில் நட்டால் வானில் நன்கு கேட்கும். தரையில் நிற்கும்போது சக்கரக் கால்கள் மறைக்கும். முதுகில் நட்டால், விமானம் சரிந்து திரும்புகையில் இறக்கை குறுக்கே வரும். கோலின் அடி உலோகத்தோடு நேரே தொட வேண்டும். இடையில் வர்ணப் பூச்சோ துருவோ இருந்தாற் பேச்சு மங்கும். மரத்தாலும் துணியாலும் கண்ணாடி நாராலும் ஆன விமானங்களுக்கு உள்ளே செம்புத் தகடு பதிக்க வேண்டும். மழையிலும் பனியிலும் பறக்கும்போது உடலில் ஏறும் மின்னேற்றம் இரைச்சலாய் வெளிப்படும். அதனைக் காற்றிற் கசியவிடும் சிறு திரிகளை இறக்கையின் பின்விளிம்பிற் காணலாம்.

1972 ஒக்ரோபர் 16ஆந் திகதி அலாஸ்காவில், அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் இருவரை ஏற்றிச் சென்ற சிறு விமானம் மறைந்தது. 39 நாட் தேடியும் தடயமில்லை. விழுந்தவுடன் தானே கூவியழைக்கும் அபாய ஒலிபரப்பியைச் சிறு விமானங்கள் தாங்கவேண்டும் என்ற விதி அந்நாட்டில் அப்போது நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தது. 2009 பெப்ரவரி முதல் 406 மெகாஹேட்சில் வரும் கூவலையே செயற்கைக் கோள்கள் கேட்கின்றன. கருவி மிக உறுதியாகவே செய்யப்படுகிறது. விழுந்த விமானம் தலைகீழாய்ப் புரண்டு கிடக்கும்போது, முதுகில் நின்ற கோல் முறிந்தோ, உலோக உடலின் கீழ் மண்ணிற் புதைந்தோ விடுவதும், உள்ளே கருவி கூவிக்கொண்டே இருப்பதும் விபத்து விசாரணைகளிற் பன்முறை கண்டறியப்பட்ட செய்தி.