ஆமைக்குப் பெலட் தீன் போதுமா?

புலம்பெயர் நாடுகளில் தரையாமைக்கென்றே பெலட் தீன் விற்கிறார்கள். எங்கள் வீட்டு ஹெர்மன் ஆமைக்கு நான் அதை வாரம் ஒருநாள் மட்டும், தண்ணீரில் ஊறவைத்துக் கொடுக்கிறேன். மற்ற நாட்களில் டண்டிலியன் இலை, புல்பூண்டு, கிடைத்தால் செவ்வரத்தம்பூ. தென் ஐரோப்பாவில் இந்த இனம் மேய்வது நார்ச்சத்து மிகுந்த களைகளைத்தான். சத்துச் செறிந்த பெலட்டையே தினமும் தின்னும் குட்டி மிதமிஞ்சி வேகமாக வளரும்.

ஓடு கூம்பு கூம்பாகப் புடைத்தால் பலரும் புரதத்தைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் ஆபிரிக்கச் சுல்காட்டா ஆமைக் குட்டிகளை வைத்துச் செய்து 2003இல் வெளியான ஆய்வொன்று, வளர்ப்பிடத்தில் ஈரப்பதம் குறைவதே பெரிய காரணம் என்று கண்டது. ஆகவே தீனை மட்டும் மாற்றிவிட்டு இருக்கமுடியாது. புடைத்த ஓடு பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. நாய், பூனைத் தீன் வேண்டவே வேண்டாம்.

ஊரில் காணும் நட்சத்திர ஆமையோ இலங்கைச் சட்டம் பாதுகாக்கும் உயிரினம். அதைப் பிடித்து வளர்க்க முடியாது.