இன்ஜினியர் பாடகர் கிம் போர்க்

கிம் போர்க் என்றதும் யாரோ கொரியாக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பின்லாந்துக்காரர், 1919-ல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். நம்மைப் போலவே படித்துப் பட்டம் வாங்கிய இன்ஜினியர். ஆனால் உலகத்துக்குத் தெரிந்தது அவருடைய பாட்டுதான்.

ஓபரா என்பது கதை முழுவதையும் பாட்டாகவே நடத்தும் மேடை நாடகம். ஆண் குரல்களிலேயே மிகத் தாழ்ந்ததை அங்கே 'பாஸ்' என்பார்கள். ராஜா, சாமியார், பிசாசு வேஷமெல்லாம் பெரும்பாலும் இந்தக் குரலுக்குத்தான். மைக் கிடையாது. பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டிக் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும். எப்படிக் கேட்கிறது? வாத்தியங்களின் ஓசை வலுவிழக்கும் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில், பழகிய குரல் வலுச்சேர்த்துக்கொள்கிறது. சும்மா கத்தினால் இது வராது. வருஷக்கணக்கில் பழக வேண்டும்.

போர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தது உயிர்வேதியியல். சிபெலியஸ் அகாடமியில் சங்கீதம். 1939-க்கும் 1944-க்கும் நடுவே அவர் நாடு சோவியத் யூனியனோடு இரண்டு போர்களில் சிக்கியது. அப்படியும் படிப்பு, பாட்டு இரண்டையும் அவர் விடவில்லை. 1947-ல் முதல் கச்சேரி. 1951-ல், முப்பது வயதைத் தாண்டியபின், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் முதல் ஓபரா.

அதன்பின் வேகம்தான். 1952-ல் பாரிஸில் பதிவான 'போரிஸ் கோதுனோவ்' ரஷ்ய ஓபராவில் இரண்டு வேஷங்கள். போர் ஓய்ந்து எட்டே வருஷம். எதிரி நாட்டு மொழியில் பாடினார்! 1956-ல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன், 1959-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன்.

1972-ல் கோபன்ஹேகன் ராயல் டேனிஷ் இசைக் கல்லூரியில் பேராசிரியரானார். 1989 வரை 17 வருஷம் பாட்டு சொல்லிக்கொடுத்தார். சிம்பொனியும் எழுதினார். 2000-ல் காலமானார்.

நம் ஹாஸ்டலில் அருமையாகப் பாடியவர்கள் எத்தனை பேர்! மூன்றாம் வருஷம் வந்ததும் "பாட்டு சோறு போடுமா?" என்ற கேள்வியில் பலர் வாயை மூடிக்கொண்டார்கள். எல்லாரும் போர்க் ஆக முடியாதுதான். ஆனால் பட்டத்துக்காகப் பாட்டையோ, பாட்டுக்காகப் பட்டத்தையோ அவர் பலி கொடுக்கவில்லை. தம்பி, தங்கைகளே, அரியர் வைக்காமல் படியுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் பாடவும் செய்யுங்கள். சீனியர் அண்ணன்மார், அக்காமார் யாராவது இன்னும் ரகசியமாகப் பாடிக்கொண்டிருந்தால், இந்த வருஷம் மேடைக்கு வாங்க. கேட்க நாங்க இருக்கோம்.