கொடுத்த அடையாளமும் எடுத்த அடையாளமும்

வந்து நிற்கும் கணினி முன்பே வந்ததுதானா என்று அறிய சர்வர் நிரலுக்கு முதலில் கிடைப்பது ஐபி முகவரி. ஆனால் ஒரே ரவுட்டருக்குப் பின்னால் ஒரு குடும்பமோ ஓர் அலுவலகமோ இருக்கலாம். அது தெருவைச் சொல்லும், வீட்டைச் சொல்லாது. எனவே எடைபோடத் தக்கவை இரண்டே: குக்கி, உலாவிக் கைரேகை. முன்னது நாம் கொடுத்தனுப்பும் டோக்கன். பின்னது பள்ளிச் சான்றிதழில் மச்சத்தைக் குறிப்பதுபோல, வந்தவரின் அங்க அடையாளங்களை அவரிடம் சொல்லாமலே எழுதிவைப்பது.

பிறப்பில் இரண்டும் உபசாரத்தின் பிள்ளைகள். 1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி குக்கியை வகுத்தபோது கண்முன் இருந்த தேவை, வாங்குபவரின் கூடையை நினைவில் வைப்பது. கைரேகைக்குக் கச்சாப்பொருளான உலாவிப் பதிப்பு, மொழி விருப்பம், திரை அளவு, எழுத்துருக்கள் ஆகியவையும் வேவுக்காகப் பிறந்தவை அல்ல. பக்கம் பார்ப்பவருக்குப் பொருத்தமாக அமையவேண்டும் என்பதற்காகவே உலாவி அவற்றைத் தெரிவிக்கிறது.

பிரிவது நினைவு எங்கே இருக்கிறது என்பதில். குக்கி வந்தவரின் கணினியில் இருக்கிறது. அவர் திறந்து பார்க்கலாம், அழிக்கலாம். கைரேகை சர்வரில் இருக்கிறது. அழிக்க அவரிடம் எதுவும் இல்லை. குக்கியின் எண்ணுக்குப் பொருளே கிடையாது, ஆனால் அது பிசகாது. கைரேகையின் ஒவ்வொரு கூறும் உண்மையான தகவல், ஆனால் மொத்தத்தில் அது ஊகமே. ஒரே மாதிரி நிறுவப்பட்ட இருபது கணினிகள் கொண்ட கல்லூரி ஆய்வகத்தில் குக்கி ஒவ்வொன்றையும் பிரித்தறியும், கைரேகை திணறும். உலாவியின் மறைநிலைச் சாளரத்தைத் திறந்தால் குக்கி மறந்துவிடும், கைரேகை பெரும்பாலும் மறக்காது.

ஊகம் என்றதால் அதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. இணைய உரிமை அமைப்பான எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனின் பீட்டர் எக்கர்ஸ்லி 2010-ல் 4,70,161 உலாவிகளின் கைரேகைகளை ஆராய்ந்தார். 83.6 விழுக்காடு தனித்தன்மை கொண்டவை. ஃபிளாஷ் அல்லது ஜாவா செருகுநிரல் இயங்கியவற்றில் அது 94.2 விழுக்காடு. பதிப்பு மாறினால் கைரேகையும் மாறுமே என்று கேட்கலாம். எளிய கணிப்பு முறை ஒன்றே பழையதையும் புதியதையும் இணைத்துக் காட்டியது. அதன் ஊகங்களில் 99.1 விழுக்காடு சரி. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: அக்காலச் செல்பேசிகள் ஒன்றுபோல் இருந்ததால் கைரேகைக்கு எளிதில் பிடிபடவில்லை, ஆனால் குக்கியைக் கட்டுப்படுத்தும் வசதி அவற்றில் நன்றாக இல்லை. ஒன்று தளரும் இடத்தில் மற்றொன்று வலுக்கிறது.

என்னை அதிகம் வியக்கவைப்பது, ஒளியும் முயற்சி இவ்விரண்டிலும் தரும் விளைவு. குக்கியை மறுப்பவர் குக்கிக்கு அந்நியராகிறார். அரிதான தற்காப்பு நீட்சிகளைப் போட்டுக்கொள்பவரோ, அந்த அரிய தன்மையாலேயே கைரேகைக்குப் பளிச்செனத் தெரிகிறார். உலாவியில் தமிழை முதல் மொழியாக வைத்திருக்கும் நம்மவரும் ஓர் உலகத் தளத்தில் அந்த ஒரு வரியாலேயே சிறுபான்மை ஆகிறார். அடையாளத்தை மறைப்பதற்கென்றே உள்ள டோர் உலாவி இதை உணர்ந்துதான் தன் பயனர் எல்லோரையும் ஒரே அச்சில் காட்டப் பார்க்கிறது.

இவ்விரண்டின் உறவு இன்னும் நெருக்கமானது. குக்கியை அழித்தவரைக் கைரேகை கொண்டு அடையாளம் கண்டு, அதே எண்ணை மீண்டும் அவர் கையில் திணிக்க முடியும். அப்போது டோக்கனைத் தூக்கியெறிந்தவரின் முடிவு செல்லாமல் போகிறது. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஆணையங்களின் குழு 2014-ல் தந்த கருத்துரையில், குக்கிக்குரிய ஒப்புதல் விதி கைரேகைக்கும் பொருந்தும் என்றது. அது சரியான தீர்ப்பு.

கைரேகைக்கு நியாயமான இடமும் உண்டு: திருடிய கடவுச்சொல்லோடு புதுக் கணினியிலிருந்து நுழைபவரை வங்கி நிறுத்துவது அதைக் கொண்டும்தான். அது காவலுக்கு உரியது. வாடிக்கையாளரை மீண்டும் அறிந்துகொள்ள மட்டுமே விரும்பும் நிரலாளர், அவர் அழிக்கக்கூடிய அடையாளத்தையே கொடுக்க வேண்டும். அவர் அழித்துவிட்டால், மறுமுறை புதியவராகவே வரவேற்க வேண்டும்.