நீரின் பளபளப்பும் சாலையின் கூச்சமும்

சாதாரணக் கூலிங் கிளாஸ் எல்லா வெளிச்சத்தையும் ஒரே மாதிரி குறைக்கும். போலராய்டு கண்ணாடி, ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்று பார்த்து வடிகட்டும். தண்ணீர், கண்ணாடி, ஈரத் தார்ச்சாலை போன்ற வழவழப்பான பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் பெரும்பங்கு படுக்கைவாட்டில் அதிர்வது. போலராய்டு படலம் நிமிர்ந்து அதிரும் ஒளிக்கு மட்டுமே வழி விடும். ஜன்னல் கம்பிகளுக்கு இடையே நிமிர்த்திப் பிடித்த பலகை போகும், படுக்கவைத்த பலகை தட்டி நிற்கும் என்பதைப் போல. பள்ளிப் பாடநூல்கள் இந்த ஒளிப்பண்பைத் தளவிளைவு என்கின்றன. இப்படிப்பட்ட கண்ணாடி வண்டி ஓட்டுபவருக்கு எவ்வளவு உதவும் என்பது பெரும்பாலும் ஒளி தெறிக்கும் கோணத்தைப் பொறுத்தது. அந்தக் கோணத்தின் மர்மம் முதலில் ஒருவர் கண்ணில் பட்டதிலிருந்து, அது மூக்கில் மாட்டும் கண்ணாடியாகச் சந்தைக்கு வர ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகள் ஆயின.

காரைக்கால் நகரத்துக்கு வடக்கே கடலை ஒட்டியுள்ள மீனவர் ஊரான கோட்டுச்சேரிமேட்டில் இந்தக் கோணத்தின் இரண்டு முகங்களையும் பார்க்கலாம். ஊருக்குக் கிழக்கே வங்கக் கடல். காலை வெயில் நீரில் பட்டுப் படகின் மேல் நிற்பவர் முகத்தில் அடிக்கும். மேற்கே கோட்டுச்சேரி வழியாகத் தரங்கம்பாடிக்கும் காரைக்காலுக்கும் இடையே ஓடும் சாலை. அது வடக்கு தெற்காகப் போவதால் காலையிலும் மாலையிலும் சூரியன் வண்டிக்குப் பக்கவாட்டில்தான் இருக்கும். காரைக்காலில் இருந்து திருநள்ளாறு, அம்பகரத்தூர் வழியே பேரளம் போகும் சாலை மேற்கு நோக்கியது. அந்தி நேரத்தில் அதில் போகிறவருக்குச் சூரியன் நேர் எதிரே நிற்கும். இருபுறமும் நாற்று நட்ட வயல்களில் தண்ணீர் தேங்கியிருக்கும் மாதங்களில் கூச்சம் நாலா பக்கமிருந்தும் வரும்.

தெறித்த ஒளியின் இந்தத் தனிக்குணத்தை முதலில் கண்டவர் எத்தியன் லூயி மாலுஸ் என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். 1808இல் பாரிஸில் தன் வீட்டில் இருந்தபடி, எதிரே லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் பட்டுத் தெறித்த அந்தி வெயிலை ஐஸ்லாந்துப் படிகம் ஒன்றின் வழியே பார்த்தார். அந்தப் படிகத்தில் எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரியும். படிகத்தைத் திருப்பியபோது இரண்டு பிம்பங்களும் மாறி மாறி மங்கின. சாதாரணக் கண்ணாடியில் பட்டுத் தெறித்ததாலேயே ஒளியின் இயல்பு மாறியிருக்கிறது என்று மாலுஸ் புரிந்துகொண்டார். 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், அவர் இதைக் கண்ட ஆண்டில் ஆங்கிலேயர் பிடியில் இருந்தது. பிரெஞ்சுக்காரர் கைக்கு அது மீண்டும் வந்தது 1817இல். மாலுஸ் 1812இலேயே இறந்துவிட்டார்.

அவர் விட்ட இடத்தில் ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் தொடர்ந்தார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறிப்பிட்ட கோணம் உண்டு, அந்தக் கோணத்தில் தெறிக்கும் ஒளி முழுவதும் படுக்கைவாட்டிலேயே அதிரும் என்று 1815இல் விதி வகுத்தார். பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தால் தண்ணீருக்கு அது சுமார் 53 பாகை, கண்ணாடிக்குச் சுமார் 56 பாகை. 1828இல் வில்லியம் நிகல் ஐஸ்லாந்துப் படிகத்தை வெட்டி ஒட்டி, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் பட்டகத்தைச் செய்தார்.

அந்த நிகல் பட்டகத்தைக் கடலின் மேல் திருப்பிப் பார்த்த தமிழர் சர் சி. வி. ராமன். திருச்சிக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில் 1888இல் பிறந்தவர். 1921இல் இங்கிலாந்து சென்று எஸ்.எஸ். நார்க்குண்டா கப்பலில் திரும்பியபோது பட்டகம் அவர் கையில் இருந்தது. ஆழ்கடலின் நீலம் வெறும் வானத்தின் பிரதிபலிப்பு என்று லார்டு ராலே சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் அதுவே ஏற்கப்பட்ட கருத்து. ராமன் கடலைப் புரூஸ்டர் கோணத்தில் பார்த்து, பட்டகத்தைத் திருப்பி, நீர்ப்பரப்பின் மேல் மிதக்கும் வானத்தின் பிரதிபலிப்பை அணைத்தார். நீலம் மறையவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. அது தண்ணீருக்குள் ஒளி சிதறுவதால் வரும் நிறம் என்று அதே ஆண்டு 'நேச்சர்' இதழுக்கு எழுதினார். ஒளிச்சிதறல் பற்றி அங்கே தொடங்கிய ஆராய்ச்சியே 1928இல் ராமன் விளைவிலும், 1930இல் நோபல் பரிசிலும் போய் நின்றது. இன்று போலராய்டு போட்டுக்கொண்டு படகிலிருந்து கடலைப் பார்க்கிறவர் ராமன் செய்த அதே சோதனையைத்தான் செய்கிறார். பளபளப்பு விலகி, நீரின் சொந்த நிறமும் மேல்மட்டத்தில் ஓடும் மீனும் தெரியும்.

நிகல் பட்டகம் சிறியது, கனமானது, விலை அதிகம். அதைக் கண்ணாடியாக மாட்ட முடியாது. மெல்லிய படலத்துக்கான வழி மருத்துவத்திலிருந்து வந்தது. காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னாவோடு அயோடின் சேர்ந்தால் ஊசி போன்ற பச்சைப் படிகங்கள் உருவாகின்றன, அவை ஒளியைத் திசை பார்த்து விழுங்குகின்றன என்று பிரிஸ்டல் நகர மருத்துவர் வில்லியம் ஹெராபாத் 1852இல் எழுதினார். கொய்னா தின்ற நாயின் சிறுநீரில் அயோடின் விட்டபோது அவருடைய மாணவர் கண்ணில் பட்டவை அவை. அதே கொய்னாவுக்காகத்தான் 1860களில் ஆங்கில அரசு நீலகிரியில் சின்கோனா மரங்களை வளர்த்தது. ஆனால் ஹெராபாத்தின் படிகங்கள் மிகச் சிறியவை, தொட்டால் நொறுங்குபவை. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவற்றால் யாருக்கும் பெரிய பயன் இல்லை.

ஹார்வர்டில் படிப்பைப் பாதியில் விட்ட எட்வின் லாண்ட் என்ற அமெரிக்க இளைஞர்தான் முடிச்சை அவிழ்த்தார். பெரிய படிகத்தை வளர்க்க எல்லோரும் முயன்று தோற்ற இடத்தில், அவர் படிகங்களை இன்னும் பொடியாக்கி, கோடிக்கணக்கில் ஒரே திசையில் வரிசைப்படுத்தி, பிளாஸ்டிக் படலத்தில் பதித்தார். 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1937இல் போலராய்டு நிறுவனம் பிறந்தது. மறு ஆண்டே படிகமே தேவைப்படாத முறை ஒன்றும் வந்தது: பாலிவினைல் ஆல்கஹால் படலத்தை இழுத்து நீட்டி, அயோடினில் தோய்ப்பது. நீட்டும்போது நீள மூலக்கூறுகள் ஒரே பக்கமாகப் படிந்து, அந்தத் திசையில் அதிரும் ஒளியை விழுங்கிவிடும். இன்று கடையில் கிடைக்கும் கண்ணாடிகளுக்கு உள்ளிருப்பதும் இந்தக் குடும்பத்துப் படலமே.

லாண்டின் முதல் குறி பகல் வெயில் அன்று. இரவில் எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு கண்ணைப் பறிப்பதைத் தடுக்கவே அவர் இந்த வேலையில் இறங்கினார். ஒவ்வொரு வண்டியின் விளக்கிலும், ஓட்டுநருக்கு முன்னால் உள்ள மறைப்பிலும் 45 பாகை சாய்ந்த படலம் ஒட்டிவிட்டால், எதிர்வண்டியின் விளக்கொளி இவருடைய படலத்துக்குக் குறுக்காக வரும்; அணைந்துபோகும். தன் விளக்கின் வெளிச்சம் மட்டும் தெரியும். அறிவியல் கச்சிதமாக இருந்தது. ஆனால் பயன் கிடைக்க எல்லா வண்டிகளும் ஒருசேர மாற வேண்டும். விளக்கொளியில் பாதிக்கு மேல் படலத்திலேயே வீணாகும். பழைய வண்டிக்காரருக்குப் பழைய கூச்சம் அப்படியே இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கக் கார் நிறுவனங்கள் அந்தத் திட்டத்தைக் கைவிட்டன. சாலை விபத்துகளைக் குறைத்திருக்கக்கூடிய ஒரு நல்ல யோசனை, பெரும்பாலும் எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டியது என்பதால் தோற்றது வருத்தத்துக்குரியது. 1930களின் நடுவில் பக்க வியாபாரமாகத் தொடங்கிய பகல்நேரக் கண்ணாடி மட்டும் ஊர் ஊராகப் பரவியது.

தமிழ்நாட்டில் கறுப்புக் கண்ணாடி வண்டியோடு சேர்த்துப் பார்க்கப்பட்ட பொருளாக இருக்கவில்லை. எம்.ஜி.ஆரின் வெள்ளைத் தொப்பியோடும் கருணாநிதியின் மேடைப் பேச்சோடும் அது மக்கள் மனதில் பதிந்தது. மெட்ராஸ் ஐ வந்தவர் போட்டுக்கொள்வது, கண்புரை அறுவைக்குப் பின் முதியவர் போட்டுக்கொள்வது என்று மருத்துவத் துணையாகவும் வீடுகளில் இருந்தது. வண்டிக்காரர்கள் தேடிய நிழல் வேறு: கார் ஜன்னலில் ஒட்டும் கறுப்பு பிலிம். 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை விட வேண்டும் என்கின்றன. 2012இல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் பிலிம் ஒட்டுவதையே தடை செய்தது.

சாலையில் போலராய்டின் உண்மையான பலன் விளம்பரம் காட்டுவதைவிடச் சிக்கலானது. காரில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் நீருக்கான 53 பாகைக் கோணம் விழும் இடம் 1.6 மீட்டர் முன்னால். அது பானெட்டுக்கு அடியிலேயே மறைந்துவிடும். ஐந்து மீட்டர் தள்ளித் தேங்கிய தண்ணீரிலிருந்து வரும் ஒளியில் படுக்கைவாட்டுப் பங்கு மற்றதைப்போல் இரண்டரை மடங்கு. அங்கே கண்ணாடி நன்றாகவே உதவும். இருபது மீட்டர் தள்ளியோ அந்த விகிதம் ஐந்துக்கு நான்கு என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். சாலையின் சொரசொரப்பு இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றினாலும் போக்கு இதுதான்: பார்வை தூரம் போகப்போக, வெயில் சாயச்சாய, போலராய்டின் தனிச்சிறப்பு குறையும். கோட்டுச்சேரிமேட்டுக் கரையிலிருந்து புறப்படும் ஃபைபர் படகில் எழுந்து நிற்பவரின் கண் நீரிலிருந்து சுமார் இரண்டு மீட்டர் உயரம் என்று கொண்டால், அவருக்கு அந்தச் சிறந்த கோணம் படகிலிருந்து மூன்று மீட்டருக்குள், வலை இறங்கும் இடத்திலேயே கிடைத்துவிடுகிறது. கார்க்காரரைவிடக் கடலுக்குப் போகிறவருக்கே இந்தக் கண்ணாடி அதிகம் பொருந்தும்.

இருந்தும் காரில் இதை வாங்கிப் போட ஒரு வலுவான காரணம் உண்டு. அது சாலையில் இல்லை, முன்கண்ணாடியில் இருக்கிறது. டேஷ்போர்டில் வைத்த வெள்ளைத் துண்டு, பிள்ளையார் சிலை, பூச்சரம், காகிதம் எல்லாம் மதிய வெயிலில் முன்கண்ணாடியில் பிரதிபலித்து, சாலையின் மேல் புகைபோல் படர்ந்து நிற்கும். அம்பாசடர் காலத்து முன்கண்ணாடி இன்றைய கார்களைவிட நிமிர்ந்து நின்றது. இன்றைய கார்களில் அது வெகுவாகச் சாய்ந்திருக்கிறது. தரையோடு முப்பது பாகைக்குச் சாய்ந்த கண்ணாடியில் டேஷ்போர்டின் பிம்பம் ஓட்டுநர் கண்ணுக்கு அறுபது பாகைக் கோணத்தில் வரும்; கண்ணாடியின் புரூஸ்டர் கோணத்துக்கு மிக அருகில். போலராய்டை மாட்டியதும் அந்தப் புகை ஏறக்குறைய முழுதாக மறையும். லாண்ட் கண்ணாடி விற்கத் தொடங்கிய காலத்தைவிட இன்றைய காரில்தான் அவருடைய படலத்துக்கு அதிக வேலை இருக்கிறது. முன்னே போகும் காரின் பின்கண்ணாடியிலும் பானெட்டிலும் தெறிக்கும் வெயிலும் இதே வகையில் அடங்கும்.

அடங்காதவையும் உண்டு. நேராகக் கண்ணில் விழும் சூரிய ஒளி எல்லாத் திசையிலும் அதிர்வது. பேரளம் சாலையில் அந்திச் சூரியனை எதிர்கொள்பவருக்குப் போலராய்டும் மற்றொரு கறுப்புக் கண்ணாடிதான். அப்போது சன்வைசரும் தொப்பியும் கூடுதல் உதவி. கோடை மதியத்தில் தார்ச்சாலையில் தோன்றும் கானல் நீரையும் அது அழிக்காது. கானல், சூடான காற்றில் வளைந்து வரும் வானத்தின் ஒளி. தெறித்த ஒளி அல்ல.

இரு சக்கர வண்டிக்காரருக்கு ஒரு எச்சரிக்கை அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாலையில் தேங்கிய நீரும், சிந்திய டீசலும் பளபளப்பால்தான் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். அருகே வரவர அந்தப் பளபளப்பைப் போலராய்டு அணைத்துவிடும். வழுக்கும் இடம் காய்ந்த தார்போலவே தோன்றலாம். ஹெல்மெட்டின் பாலிகார்பனேட் முகமூடி வழியே பார்த்தால் வானவில் பட்டைகளும், காரின் பக்கக் கண்ணாடியில் கட்டம் கட்டமான கறைகளும் தெரியும். கண்ணாடியிலோ கண்ணிலோ கோளாறு இல்லை. பிளாஸ்டிக்கிலும் பதப்படுத்திய கண்ணாடியிலும் உறைந்த இறுக்கம் அப்படிக் காட்டுகிறது. செல்போன், டிஜிட்டல் மீட்டர் திரைகள் தாமே தளவிளைவுப் படலம் கொண்டவை. சில கோணங்களில் அவை முழுக் கறுப்பாகிவிடும். மேப் பார்த்து ஓட்டும் வாடகை வண்டிக்காரர் போனை நிமிர்த்தியும் படுக்கவைத்தும் பார்த்து, தெரியும் நிலையைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

இரவில் எந்த நிறக் கண்ணாடியும் கூடாது. இன்றைய முகப்பு விளக்குகளில் லாண்ட் நினைத்த படலம் இல்லாததால், போலராய்டு எதிர்விளக்கின் கூச்சத்தைத் தனியே பிரித்து எடுக்காது; சாலையோரம் நடப்பவர் மேல் விழும் கொஞ்ச வெளிச்சத்தையும் சேர்த்தே பறிக்கும். பகலுக்கும் அளவு உண்டு. மூன்றாம் வகைக் கண்ணாடி 8 முதல் 18 சதவீத ஒளியை விடும், வண்டி ஓட்டலாம். 3 முதல் 8 சதவீதம் மட்டும் விடும் நான்காம் வகை ஓட்டுவதற்கு ஏற்றதல்ல என்று சர்வதேசத் தர விதியே சொல்கிறது.

வாங்கும்போது சோதிக்கக் கருவி வேண்டாம். கடைக்காரர் நீட்டும் அட்டையில் மறைந்திருக்கும் படம் கண்ணாடி வழியே தெரிந்தால் அது போலராய்டு. அட்டை இல்லாவிட்டால் அதே வகைக் கண்ணாடிகள் இரண்டை எடுத்து, ஒன்றின் வில்லையை மற்றதன் வில்லைக்கு முன் பிடித்து, ஒன்றைக் கால்வட்டம் திருப்ப வேண்டும். வெளிச்சம் அடியோடு அணைந்தால் இரண்டுமே அசல். இந்தச் சோதனை புற ஊதாக் கதிரைப் பற்றி எதுவும் சொல்லாது. கண்ணில் சதை வளர்ச்சிக்குக் காரணமாகக் கருதப்படும் அந்தக் கதிரை நிறுத்துவது வில்லையின் பொருளும் பூச்சும்தான். தளவிளைவுப் படலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆண்டு முழுவதும் வெயிலிலும் நீரின் மேலும் வேலை செய்கிறவர் கடையில் முதலில் கேட்டு உறுதிசெய்ய வேண்டியது, 400 நானோமீட்டர் வரையிலான புற ஊதாக் கதிரை அந்த வில்லை தடுக்கிறதா என்பதை; போலராய்டா என்பது அதற்கு அடுத்த கேள்வி.